குளம் நகராத தீவு

அத்தியாயம் – 9

"புதையல்தான் அக்கா, சந்தேகமே இல்ல" என்றான் ரேடியோ. "படகுக்குச் சொல்லிடவா?"

மேஜை மேல் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் இருந்த தாள்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் படம். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி வளைந்து நெளிந்து போகும் ஒரு பென்சில் கரை. கரைக்கு வெளியே ஓரம் வரைக்கும் கரியாகத் தீட்டிய கறுப்பு. பார்த்தால் கடலுக்கு நடுவில் ஒரு தீவு. ஊர் பெயர் இல்லை, பாதை இல்லை, மூலையில் தேதி மட்டும்.

பெட்டியைக் கொண்டு வந்த பெண் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா இறந்து அன்றோடு ஆறு நாள் ஆகியிருந்தது. ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டான். வாய் ஓயாதவன் என்பதால் வந்த பெயர் அது; மூடுகிற திருகு எங்கே இருக்கிறது என்று அவனுக்கே இதுவரை தெரியாது.

எதிரே உட்கார்ந்திருந்த தபாலம்மா தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் தபால் நிலையத்தில், முகவரி சரியில்லாத கடிதங்களைப் பிரிக்கிற மேஜையில் இருந்தவர். மழையில் கரைந்த முகவரி, பாதி கிழிந்த முகவரி, 'கோபக்கார மாமா, பச்சைக் கதவு வீடு' என்று மட்டும் எழுதிய முகவரி, எல்லாவற்றையும் உரிய வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அந்த வேலை போன பிறகு, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை எடுத்து அதே வேலையை இப்போது மனிதர்களின் புதிர்களுக்குச் செய்துகொண்டிருந்தார், ரேடியோவை உதவிக்கு வைத்துக்கொண்டு.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார்.

பெண் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிடும் காலை நடையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள்; சாவிக்கொத்து இன்னும் விரலில் தொங்கியது. அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். முப்பத்தோரு வருஷம் ஒரே நாற்காலி. போன செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, மாடித் தளத்தில் சரக்கு ஏற்றுவதற்காக விட்டிருக்கும் துவாரத்தின் வழியாகக் கீழே விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

"விழல மேடம், தள்ளிட்டான். பேப்பர் கட்டு ஏத்துறவன் ஒருத்தன் இருக்கான், தூண்னு கூப்பிடுவாங்க. அந்த வாரத்துல மட்டும் அப்பாவோட மூணு தடவை சண்டை. அன்னைக்கு அவன் கத்தினதைக் கீழ மெஷின்ல இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்காங்க. கத்தல் கேட்டுச்சு, அடுத்த நிமிஷம் அப்பா விழுந்தாரு. அதுவும் போக, பன்னிரண்டு மணி பெல் அடிக்காம அப்பா சீட்டை விட்டு எந்திரிக்கவே மாட்டாரு. அவன் கூப்பிடாம அந்த நேரத்துல அங்க எதுக்குப் போனாரு?"

"இன்ஸ்பெக்டர் என்ன சொல்றாரு?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் காகிதத்தை முடிச்சு அனுப்பணுமாம். விபத்துன்னு எழுதறதா, கொலைன்னு எழுதறதான்னு என் வாக்குமூலத்தைப் பொறுத்துதான் இருக்குன்னாரு. நான் கொலைன்னுதான் சொல்லப் போறேன். அதுக்கு ஒரு ஆதாரம் வேணும். இந்தப் பெட்டி அப்பா கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. இதைப் பத்தி எங்கிட்ட அவர் மூச்சு விட்டதில்ல. ஏதோ ரகசியம் இருக்கு. அது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான்."

தபாலம்மா தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி பிரித்து அடுக்கத் தொடங்கினார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. எதைப் பார்த்துப் பிரிக்கிறார் என்று ரேடியோவுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு தீவுக்குள்ளும் நாணயம் அளவில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது, தீவுக்குள் ஒரு குளம் மாதிரி. சில தாள்களில் குளம் புள்ளிக்கு இடது பக்கம், சில தாள்களில் வலது பக்கம்.

"எல்லாமே ஞாயித்துக்கிழமைத் தேதி" என்றார் தபாலம்மா. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமைக்கும் ரெண்டு தாள். ஒண்ணுல குளம் இடது, ஒண்ணுல வலது. ரெண்டு வருஷமா ஒரு வாரம் கூடத் தப்பல."

"தீவு சின்னதாகிக்கிட்டே போகுதே அக்கா" என்றான் ரேடியோ. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இடதுகுளத் தீவு கடைசித் தாளில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருந்தது. மற்றதில் இடது பாதியைக் கடல் தின்றிருந்தது. "ஆனா குளம் மட்டும் இருந்த இடத்துலயே இருக்கு. கடல் குளத்தை முழுங்கினப்புறமும் அந்த வட்டத்தைத் தனியாக் கோடு போட்டு வெச்சிருக்காரு, நகரல."

"அதுதான் முகவரி" என்றார் தபாலம்மா.

பெட்டியின் அடியில் ஒரு சணல் கயிறு கிடந்தது. இரண்டு முனையிலும் முடிச்சு.

"அது பெட்டியைக் கட்டின கயிறு" என்றாள் பெண்.

தபாலம்மா கயிற்றை நீட்டிப் பார்த்தார். சரியாக ஒரு அடி. "இதை வெச்சு இந்தப் பெட்டியைக் கட்ட முடியாதும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு கடைசி வாரத்துத் தாள்களை எடுத்து மறுபடி எண்ணினார். அவற்றிலிருந்து ஒரு தாளைத் தனியே உருவி, ஒரு பழுப்பு உறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

தபால் நிலையத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம் அது. எந்தக் கட்டிலும் சேராத கடிதம் தனி உறைக்குப் போகும். அந்த உறை திறக்கும் வரைக்கும் அக்காவிடம் கேள்வி கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று ரேடியோவுக்குத் தெரியும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் பெண்ணிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினார் தபாலம்மா. இறந்தவரைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் மகளுக்குச் சம்மதம் என்று நாலு வரி.

*

அச்சகத்து வாசலில் ஒரு வாட்ச்மேன். கேட்டுக்குள் நுழையும்போது இடது கைப்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ப்ரூஃப் சாரா? நல்ல மனுஷன்தான், செத்தவரைப் பத்தித் தப்பாச் சொல்லக் கூடாது" என்று ஆரம்பித்து, தப்பாகவே சொன்னார். "கடைசி ஒரு வருஷமா தலைக்கனம் ஏறிப்போச்சு. காலையில நான் எந்திரிச்சு குட்மார்னிங் சொல்வேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. கல்லு மாதிரி போவாரு. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப மட்டும் நின்னு, 'என்னப்பா, பையன் படிக்கிறானா?'ன்னு கேப்பாரு. காலையில ஒரு மூஞ்சி, சாயங்காலம் ஒரு மூஞ்சி."

"வேலைக்கு வரும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றான் ரேடியோ.

தபாலம்மா வாட்ச்மேனைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். "சாயங்காலம் ஸ்டூலை இடம் மாத்திப் போடுவீங்களா?"

"எதுக்கும்மா மாத்தணும்? பதினாலு வருஷமா இங்கதான்."

"சரி" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

பிழை திருத்தும் அறை சின்னது. ஜன்னலோரம் மேஜை, நாற்காலி. நாற்காலிக்கு இடது புறம் சுவர். முன்பெல்லாம் மேஜை அறையின் நடுவில் இருந்ததாம், கூடவே ஏறி வந்த வாட்ச்மேன் சொன்னார். அவராகவே ஒரு நாள் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாராம். மேஜை மேல் ஒரு பூதக்கண்ணாடிகூட இல்லை. கடைசியாகத் திருத்திய தாள் அப்படியே கிடந்தது. மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைப்பார்களே, அந்த மாதிரி எறும்பு எழுத்து. அதில் ஒரு கால்புள்ளி இடம் தவறியிருந்ததை வட்டம் போட்டிருந்தார்.

"கண்ணு இல்ல அக்கா, ஊசி" என்றான் ரேடியோ.

தபாலம்மா இழுப்பறையைத் திறந்தார். விடுப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. கார்பன் வைத்து எழுதி மேல் தாளைக் கிழித்துக் கொடுக்கிற வகை. எட்டு வருஷத்தில் நாலே நாலு தாள்தான் செலவாகியிருந்தது. கடைசிப் பிரதியில் நீல எழுத்து பளிச்சென்று இருந்தது. செவ்வாய்க்கிழமைத் தேதி. 'இன்று பிற்பகல் அரை நாள் விடுப்பு வேண்டும். காரணம்: சொந்த வேலை.'

"மேனேஜர் ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

நீண்ட நடைகூடத்தின் கடைசியில் இருந்தது. நடுவழியில், இடது பக்கத்தில், தரையில் ஒரு பெரிய சதுரத் துவாரம். கீழே லாரியிலிருந்து இறங்கும் பேப்பர் கட்டுகளைச் சங்கிலி போட்டு அதன் வழியாகத்தான் மேலே இழுப்பார்கள். இப்போது மரக்கதவு போட்டு மூடியிருந்தது. வலது சுவரை ஒட்டி மூன்றடிப் பாதை. துவாரத்துக்கு முன்னால் சிவப்புப் பலகை ஒன்று சாய்ந்து நின்றது.

"துவாரத்தைத் திறந்தா இந்தப் பலகையை இடது ஓரத்துல வைக்கணும்னு ரூல். எப்பவும் மத்தியானம்தான் திறப்பாங்க. அன்னைக்கு லாரி முன்னாடியே வந்திருச்சு" என்று வாட்ச்மேன் பின்னாலேயே வந்து சொன்னார்.

"மூணு சண்டையும் எதனால வந்துச்சு?"

"வேணும்னே வந்து தோள்ல இடிச்சுட்டுப் போறாருன்னு தூணுக்குக் கோபம். அவன்கிட்ட மட்டுமில்ல, டீ கொண்டு வர்ற அம்மாவையும் ஒரு தடவை இடிச்சுத் தம்ளரெல்லாம் போச்சு."

"எந்தத் தோள்?"

வாட்ச்மேன் யோசித்து, தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.

தபாலம்மா மறுபடி அந்தச் சின்ன அறைக்கே போனார். பிழை திருத்துபவரின் நாற்காலியில் ரேடியோவை உட்கார வைத்தார். வலதுகுளத் தாள் ஒன்றை முன்னால் விரித்து, கயிற்றின் ஒரு முடிச்சை நடுப்புள்ளி மேல் அழுத்தி, இன்னொரு முடிச்சை அவன் கன்னத்து எலும்பில் வைத்தார்.

"இடது கண்ணை மூடு. வலது கண்ணால புள்ளியை மட்டும் பாரு. கண்ணு அசையக் கூடாது."

"வாய்?"

"அதுவும்."

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தாளின் வலது ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே நகர்த்தினார். "தெரியுதா?"

"தெரியுது. தெரியுது. ஓரமாத் தெரியுது." சட்டென்று நிறுத்தினான். "எங்க வெச்சுட்டீங்க அக்கா?"

"எங்கயும் வெக்கல. பாரு."

கண்ணைத் திருப்பினான். நாணயம் தாளின் மேலேயே இருந்தது. சரியாகக் குளத்தின் மேல்.

இரண்டாம் தடவை செய்து பார்த்தான். குளத்துக்கு வந்ததும் நாணயம் இல்லாமல் போனது. தாண்டியதும் திரும்பி வந்தது. அவன் கண்ணில், அவனுக்கே தெரியாமல், முப்பத்தெட்டு வருஷமாக ஒரு ஓட்டை இருந்திருக்கிறது.

"எனக்கு ஏதாவது கோளாறா அக்கா?" குரல் இறங்கியிருந்தது.

"எல்லாருக்கும் உண்டு. கண்ணுக்குப் பின்னால நரம்பு வெளிய போற இடம், அங்க பார்வை கிடையாது. ஸ்கூல்ல படிச்சது. வலது கண்ணுக்கு வலது பக்கம், இடது கண்ணுக்கு இடது பக்கம். பொறந்ததுலேர்ந்து சாகற வரைக்கும் நகராது." தபாலம்மா தாளை மடித்தார். "இது தீவு இல்லப்பா. அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து தன்னோட ரெண்டு கண்ணையும் படம் போட்டிருக்காரு. எது வரைக்கும் தெரியுதோ அதுதான் கரை."

ரேடியோ கடைசி வாரத்துத் தாள்களை எடுத்துப் பார்த்தான். இடது கண்ணுக்கு ஒரு கொட்டைப்பாக்கு. வலது கண்ணில் இடது பாதி கடல். கால்புள்ளியைப் பிடித்த கண்ணுக்கு, இடது பக்கம் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. காலையில் வாட்ச்மேன் அங்கே இருந்தார். சாயங்காலம் திரும்பி வரும்போது வாட்ச்மேன் வலது பக்கம் வந்துவிடுவார்.

தலைக்கனம் என்று பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் அந்த மனுஷனுக்கு.

*

லாக்கப்பில் தூண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெயருக்கு ஏற்ற உருவம். ஆறு நாளில் அந்த உருவத்துக்குள்ளேயே ஆள் சுருங்கிப் போயிருந்தார்.

"தள்ளலன்னு போலீஸ்ல சொன்னீங்க. அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்களாமே" என்றார் தபாலம்மா.

"என்னத்தைத் திறக்கறது."

"அவர் பலகையில இடிச்சாரு. இடது தோள்ல. பலகை விழுந்துச்சு. நீங்க கத்தினீங்க. என்ன சொல்லிக் கத்தினீங்க?"

தூண் நிமிர்ந்து பார்த்தார்.

"'யோவ், கண்ணு தெரியலையா?'ன்னு."

ரேடியோவுக்குக் கால் மாற்றி நிற்கத் தோன்றியது.

"சத்தம் எங்கேருந்து வருதுன்னு அவரு திரும்பினாரு. என் பக்கமா திரும்பினாரு. நான் துவாரத்துக்கு அந்தப் பக்கம் சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என்னைப் பாத்து ஒரு அடி வெச்சாரு. சாரி சொல்ல வர்ற மாதிரி கையைத் தூக்கினாரு." தூண் தன் கையைத் தூக்கிக் காட்டினார், பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார். "நான் கத்தாம இருந்திருந்தா நேரா போயிருப்பாரும்மா. கொலைன்னே எழுதிக்கட்டும். எனக்கு வித்தியாசம் தெரியல."

வெளியே வந்ததும் தபாலம்மா மகளுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். "அப்பா சொட்டு மருந்து ஏதாவது போட்டுக்கிட்டு இருந்தாராம்மா?"

"மூக்கடைப்புக்கு ஒண்ணு வெச்சிருந்தாரு மேடம். ஃப்ரிட்ஜுல இன்னும் இருக்கு."

"மேல என்ன ஒட்டியிருக்கு?"

"லேபிளைக் கிழிச்சிருக்காரு. அடியில ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் பாதி தெரியுது. 'இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை.'"

தபாலம்மா யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே ரேடியோ ஆட்டோவைக் கை காட்டிவிட்டான். "லிஃப்ட் இல்லைங்கிறதை மருந்து பாட்டில்ல குத்தி அனுப்பற நேர்மையான டாக்டர் ஊர்லயே ஒருத்தங்கதான் அக்கா. என் மாமியாருக்குக் கண்ணுல புரை எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி வீட்ல எல்லாம் நிம்மதியா இருந்துச்சு. எடுத்த மறுநாள்லேர்ந்து அலமாரி மேல தூசி, என் சட்டையில கறை, ஒண்ணு விடறதில்ல."

*

டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செய்தி அவருக்கு இப்போதுதான் தெரியும்.

"உங்க மாமியாருக்கு வந்தது புரை. உள்ள இருக்கிற லென்ஸ் மங்கிப் போகும், எடுத்துட்டு வேற வெச்சா சரியாப்போகும்" என்று ரேடியோவைப் பார்த்துச் சொன்னார். "இவருக்கு இருந்தது கண் அழுத்த நோய். கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறும், வடியும். வடியற வழி அடைச்சா அழுத்தம் ஏறும். ஏறினா பின்னால இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா நசுக்கும். வலிக்காது. ஓரம்தான் முதல்ல போகும், நடு கடைசியா. அதனால பேப்பர் படிப்பாங்க, ஊசியில நூல் கோப்பாங்க, தனக்கு ஒண்ணுமில்லன்னே நினைப்பாங்க. இவர் எங்கிட்ட வந்தப்பவே ரொம்பத் தாமதம். போனது திரும்பாது, மருந்து போட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம், அவ்வளவுதான். ஒழுங்கா மருந்து போட்டாரு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு மட்டும் கேட்டுக்கிட்டாரு. கண்ணு போகுதுன்னா பிழை திருத்த யார் உக்கார வெப்பாங்கன்னாரு."

"இதைப் பாருங்க" என்று தபாலம்மா பழுப்பு உறையைத் திறந்தார்.

டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பெரிய தீவு. வலது பக்கம் குளம். இடது பக்கம் மேல் மூலையில் மட்டும் யாரோ ஒரு கடி கடித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம்.

"இது அவர் கண்ணு இல்ல" என்றார் டாக்டர்.

"தெரியும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ரெண்டு தாள். கடைசி ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு. மொத்தம் இருநூத்திப் பதினஞ்சு. ஒரு மனுஷனுக்கு ரெண்டு கண்ணு டாக்டர். எண்ணிக்கை ஒத்தைப்படையில முடியாது."

டாக்டர் மேஜை மேலிருந்த நோட்டைத் திருப்பி, போன செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் தபாலம்மாவின் பக்கமாக நகர்த்தினார்.

"திங்கக்கிழமை போன் பண்ணினாரு. ரெண்டு வருஷமா நான் அவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். இது குடும்பத்துல வரும், பெத்த பிள்ளையைக் கூட்டிட்டு வாங்கன்னு. 'அவ ஸ்கூல் வேன் ஓட்டறா டாக்டர், அவளைப் பயமுறுத்தணுமா'ன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தாரு. திங்கக்கிழமை குரலே வேற மாதிரி இருந்துச்சு. நாளைக்கே வேணும்னாரு."

செவ்வாய், பிற்பகல் இரண்டு மணி. நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுதியிருந்தது: 'மகள்.'

அரை நாள் விடுப்பு. பன்னிரண்டு மணி பெல்லுக்குக் காத்திருக்க முடியாத மனுஷன். மேனேஜர் அறைக்குப் போகிற நடைகூடம். ரேடியோ ஒன்றன் பின் ஒன்றாக நினைத்துப் பார்த்தான்.

*

நாலரை மணிக்கு வேனை நிறுத்திவிட்டு அவள் இறங்கினாள். தபாலம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை. தாளைக் கையில் கொடுத்து, காலையிலிருந்து நடந்ததை அந்தந்த வரிசையில் சொன்னார். வாட்ச்மேன், மேஜை, விடுப்புச் சீட்டு, டாக்டரின் நோட்டு. தூண் கத்தின வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் வேறு ஆள்.

அவள் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் படுக்கப் போனேன். ஒரு விளையாட்டு வாம்மான்னு கூப்பிட்டாரு. வெறும் புள்ளி போட்ட தாளு, கன்னத்துல ஒரு கயிறு, அதை இந்தப் பெட்டியோட நான் சேத்துப் பாக்கவே இல்ல. புள்ளியைப் பாரு, பென்சில் தெரியுதா, தெரியுதான்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. ஒரு இடத்துல தெரியலன்னேன். மறுபடியும் கேட்டாரு. நாலு தடவை கேட்டாரு அக்கா. அடுத்த கண்ணுக்குப் போறதுக்குள்ள, போதும்பா தூக்கம் வருதுன்னு எந்திரிச்சுட்டேன்." மேடம் எப்போது அக்கா ஆனார் என்று அவளுக்கே தெரியவில்லை. "கையிலேர்ந்து பென்சில் விழுந்துருச்சு. தரையைத் தடவித் தடவித் தேடறாரு. இதோ காலடியிலயே கெடக்குதே, என்னப்பா நீன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். எடுத்துக் குடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

வேனுக்குள் கடைசி இருக்கையில் யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.

"காப்பியை இடது பக்கம் வெச்சா தட்டி விட்டுடுவாரு. எத்தனை தடவை திட்டியிருக்கேன். கவனம் எங்க இருக்குன்னு கேட்டிருக்கேன்."

"கிளம்பும்மா" என்றார் தபாலம்மா. "அஞ்சு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க. வண்டி இங்கயே இருக்கட்டும்."

இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. படியில் ரேடியோ முன்னால் ஏறினான். திருப்பத்தில் நின்று அவள் வரும் வரை பார்த்துக்கொண்டான். இருட்டு அறையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் தாடையை வைத்து உட்கார்ந்தாள். நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி. சுற்றிலும் அங்கங்கே மினுக்கென்று வெளிச்சம் வரும்; தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். க்ளிக், க்ளிக் என்று சத்தம் கேட்டது. பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி க்ளிக். அந்த இடைவெளியில் எத்தனை வெளிச்சம் வந்து போயிருக்கும் என்று ரேடியோ எண்ணப் பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டான்.

கருவி ஒரு தாளைத் துப்பியது. டாக்டர் அதைப் பிழை திருத்துபவரின் பென்சில் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பள்ளம் அதே மூலையில் இருந்தது. அளவுகூடக் கிட்டத்தட்ட அதேதான்.

"மெஷினுக்கும் உங்க அப்பாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல" என்றார் டாக்டர். "ஆரம்பம்மா இது. அழுத்தத்தை இறக்கிடலாம். இதோட நிறுத்திடலாம். வேன் இப்போதைக்கு ஓட்ட வேண்டாம், மறுபடி பாத்துட்டுச் சொல்றேன். இவரு இதே நிலைமையில வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் சொட்டு மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

"மூக்கடைப்புக்குன்னு சொல்லிடலாமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

*

மறுநாள் காலை பத்து மணி. இன்ஸ்பெக்டர் முன்னால் அவள் கொடுத்த வாக்குமூலம் ஒரு பக்கம்கூட வரவில்லை. விபத்து. கையெழுத்துப் போட்டாள். இறந்தவரின் சட்டைப்பையில் இருந்தவை என்று ஒரு கவரைக் கொடுத்தார்கள். நாலாக மடித்த விடுப்புச் சீட்டு அதில் இருந்தது. ஒரு வாரமாக யாரும் அதைப் பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

தூண் வெளியே வந்தபோது வாசல் படியில் அவள் நின்றிருந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் அங்கேயே நின்றுவிட்டார். ரேடியோவுக்குப் போய் நடுவில் நிற்கலாமா என்றிருந்தது. தபாலம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை எதுக்கும்மா வெளிய விட்டே?" என்றார் தூண். "உனக்கு முழுசாத் தெரியாது. அவரு திரும்பினது என் குரலைக் கேட்டு. நான்தான் கத்தினேன்."

"என்ன சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். சொல்லாமல் போய்விடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் சொன்னார்.

"கண்ணு தெரியலையான்னு கேட்டேன்."

தெருவில் ஒரு பஸ் வந்து நின்றது, ஆட்களை இறக்கியது, போனது. அவள் அந்த விடுப்புச் சீட்டை மறுபடி நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அதே வீட்லதான் இருந்தேன் அண்ணே" என்றாள். "ரெண்டு வருஷம். ஒரு தடவைகூட நான் அதைக் கேக்கல. நீங்க ஒருத்தர்தான் கேட்டிருக்கீங்க."

தூண் படியிறங்கி வந்தார். ஒரு நிமிஷம் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். பிறகு அவளுக்கு இடது பக்கமாக வந்து சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போனார்கள்.

தபாலம்மா கைப்பையிலிருந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்தார். காலியாக இருந்தது. பேனாவைத் திறந்து, அதன் மேல் தேதி போட்டு, இருபத்திரண்டு வருஷமாக எழுதிய அதே இரண்டு வார்த்தைகளை எழுதினார்: உரியவரிடம் சேர்ந்தது.

ரேடியோ ஏதாவது சொல்லுவான் என்று அவர் திரும்பிப் பார்த்தார். அவன் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, தூரத்தில் போகிற அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.